பெட்டி மேல என்ற படம்

அந்தப் பையில என்ன கண்ணு, மேகவல்லித் தைலமா? எட்டிப் பாத்தேன்னு நெனச்சுக்காதே. பைய மடியில வெச்சிருக்கறே, பச்சைப் பெட்டி தலைய நீட்டிட்டு இருக்குது, பக்கத்துல ஒக்காந்தவ கண்ணுல படாம என்ன செய்யும்? சித்தெ குடு, பாத்துட்டுத் தாரேன்.

ஆமா, இதேதான். இந்தப் பொம்பளை படத்தெப் பாரு. இந்தப் பக்கம் வகிடு அகண்டு போயி மண்டை தெரியுது. அந்தப் பக்கம் சடை இடுப்புக்குக் கீழ வரைக்கும் தொங்குது. இது யாருன்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அதுதான் கண்ணு என்ற வயித்தெரிச்சல். இந்த எடத்துல இருக்க வேண்டியது நானு.

சிரிக்காதே, நெசமாத்தான் சொல்றேன். இந்தத் தைலத்தெ விக்கறதுக்கு முன்னால ஆராய்ச்சி பண்ணுனாங்கல்ல, அதுல மொத நாள்ல இருந்து கடைசி நாள் வரைக்கும் இருந்தவ நானு. எனக்குத்தான் நெம்ப நல்லாக் கேட்டுச்சுன்னு அந்த டாக்டரே வாயத் தொறந்து சொன்னாரு. படமெல்லாம் புடிச்சாங்க. கடைசியில பாத்தா பெட்டியில எவளோ நிக்கறா. நீ ஈரோடு வரைக்கும் போறயா? நானு சித்தோட்டுல எறங்கோணும். இன்னும் கவுந்தப்பாடியே வரலெ, அதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன்.

என்ற பேரு சௌந்திரம். கோபியில சொந்த ஊடு. எங்கூட்டுக்காரரு லாரி செட்டுல இருந்தவரு, போய்ச் சேந்துட்டாரு. ஒரே பையன், தினகரன், பெங்களூர்ல இருக்கறான். ஞாயித்துக்கெழமை தவறாமப் போன் பண்ணுவான், அதுல கொறை சொல்ல முடியாது. "சாப்ட்டியா? மாத்திரை போட்டியா? வெச்சரட்டுமா?" அவ்வளவுதான். வெச்சரட்டுமான்னு கேக்கறான்ல, நானு என்ன சொல்றேன்னு கேக்கறதுக்குள்ள வெச்சுருவான். அவனுக்கு ஆயிரஞ் சோலி. பொழுது எறங்குனா எனக்குத்தான் ஒண்ணும் இருக்காது. பக்கத்தூட்டு டீவியில யாராவது கேள்வி கேட்டா நானு இங்க இருந்து பதிலு சொல்லிட்டு ஒக்காந்திருப்பேன். பைத்தியம்னு நெனச்சுக்காதே. தனியா இருந்து பாத்தாத் தெரியும்.

அவரு போனதுக்குப் பொறவுதான் எனக்கு முடி கொட்ட ஆரம்பிச்சுது. அவரு இருந்த வரைக்கும் சனிக்கெழமையானா எண்ணெயக் காச்சி என்ற பொடனியில வெச்சு வுடுவாரு. "உனக்குக் கை எட்டாது சௌந்திரம், இப்பிடித் திரும்பு"ன்னுவாரு. எட்டும் கண்ணு. நல்லாவே எட்டும். எட்டாதுன்னே சொல்லிட்டு இருந்தேன்.

அப்பறம் ஒரு நாளு ஆட்டோவுல மைக்குக் கட்டிட்டு வந்தாங்க. முடி கொட்டற பொம்பளைங்க வேணும், ஆராய்ச்சி, தைலம் இலவசம்னு. முடி கொட்டறவ வேணும்னு ஊர் ஊராக் கூப்புட்டுக் கேட்டது ஒலகத்துலயே இவிங்களாத்தான் இருப்பாங்கன்னு லோகாம்பாள் சிரிச்சா. லோகாம்பாள் எதுத்தூட்டுக்காரி. அப்பெல்லாம் அவ தெனமும் பொழுதோட வந்து பழமை பேசிட்டுத்தான் போவா. அவளுக்கும் முடி கொட்டிட்டிருந்துச்சு. ரெண்டு பேருமாத்தான் போனோம்.

பேக்கரிக்கு மேல மாடி. ஆராய்ச்சி மையம்னு துணியில அச்சடிச்சுத் தொங்கவுட்டிருந்தாங்க. சேரெல்லாம் வாடகைக்கடை சேரு, முதுகுல கடைப் பேரு இருக்குது. வெள்ளைக் கோட்டுப் போட்டு ஒரு டாக்டர் ஒக்காந்திருந்தாரு. இவரு தோல் டாக்டரா பல்லு டாக்டரான்னு லோகாம்பாள் என்ற காதுல கேட்டா. அவளுக்கு எப்பவுமே எடக்குப் பேச்சு. கோட்டுப் போட்டிருக்கறாருல்ல, அப்பறம் என்னன்னு சொன்னேன். அவரு கடைசி வரைக்கும் ஒருத்தி தலையக் கூடத் தொட்டுப் பாக்கலெ. தொட்டதெல்லாம் சிந்துஜாதான்.

சிந்துஜான்னு ஒரு புள்ளை, உன்ற வயசுதான் இருக்கும். நீலக் கோட்டு, ஒடிசலா, கண்ணுல மை. மொத நாளு தலைக்கு ஊத்தாம, எண்ணெயோட வரோணும்னு சொல்லியிருந்தாங்க. போனதும் செவுத்தெப் பாத்து ஒக்காரவெச்சு, எண்ணெய் வழியற தலைய வகுந்து, உச்சி மேல வெளிச்சத்தெ அடிச்சுப் படம் புடிச்சாங்க. எனக்கே பாக்கச் சகிக்கலெ. அதுக்குப் பொறவு வெள்ளைத் துண்டெ விரிச்சு, "அம்மா, குனிஞ்சுக்குங்க"ன்னுச்சு அந்தப் புள்ளை. எடது கையால என்ற நெத்தியத் தாங்கிப் புடிச்சுக்கிச்சு. வலது கையில சீப்பு, பேன் சீப்பாட்டப் பல்லு நெருக்கமான சீப்பு. பொடனியில வெச்சு நெத்தி வரைக்கும் ஒரே இழுப்பா இழுத்துச்சு. துண்டுல விழுகற முடிய எண்ணுவாங்களாம். அதுதான் பரிசோதனை.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "வலிக்குதாம்மா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னு சொன்னேன். வேற என்னத்தெச் சொல்றது? அவரு போனதுல இருந்து என்ற தலைய ஒருத்தரும் தொடலெ, அதுனால அழுகறேன்னு அந்தச் சின்னப்புள்ளை கிட்டச் சொல்ல முடியுமா? சோப்பு வாசம் அடிக்கற கை. சில்லுனு இருந்துச்சு நெத்தியில.

வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வரச் சொன்னாங்க. வாரம் பூரா ஊட்டுல கொட்டற முடியவும் சேத்து ஒரு கவர்ல போட்டுட்டு வரோணும். வியாழக்கெழமையே எனக்குப் பரபரப்பாயிரும். எந்தச் சேலை கட்டறதுன்னு எடுத்து வெப்பேன். அந்தப் புள்ளைக்கு முறுக்குச் சுட்டு எடுத்துட்டுப் போவேன். வாங்கி மேசைக்கு அடியில வெச்சுக்கும். ஒரு நாளும் என்ற முன்னால தின்னதில்லெ. ஆராய்ச்சி நடக்கற எடத்துல திங்கக்கூடாதில்ல, அதுனால. மொத வாரத்து டப்பாகூட அங்கயேதான் இருந்துச்சு, கொண்டு போகறதுக்கு மறந்துருக்கும் பாவம்.

அப்பத்தான் லோகாம்பாள் வாயக் குடுத்துக் கெட்டா. ஒரு வெள்ளிக்கெழமை டாக்டர் எல்லாத்தையும் வரிசையாக் கேட்டுட்டு வந்தாரு. இவ, "எப்பவும் போலத்தான் கொட்டுதுங்க. அது போக இப்ப அரிக்குது வேற"ன்னு சொல்லிப்போட்டா. அவரு கோவிச்சுக்கவே இல்லெ, நெம்பத் தன்மையா, "உங்களுக்கு உஷ்ண ஒடம்பும்மா. இந்தத் தைலம் உங்க வாகுக்கு ஒத்து வராது. அடுத்த வாரத்துல இருந்து நீங்க வர வேண்டாம்"ன்னாரு. அவ பேர அடிச்சுட்டாங்க. அவ மட்டுமா? கொட்டுதுன்னு சொன்னவ, அரிக்குதுன்னு சொன்னவ, அத்தனை பேரும் ஒவ்வொருத்தியா உஷ்ண ஒடம்பாப் போயிட்டாங்க. சேரெல்லாம் காலியாகிட்டே வந்துச்சு.

என்ற மொறையும் வந்துச்சு கண்ணு. "உங்களுக்கு எப்பிடிம்மா?"ன்னாரு. நெசத்தெச் சொன்னா, முன்னெக்காட்டியும் எச்சாத்தான் கொட்டிட்டிருந்துச்சு. சிந்துஜா சீப்பக் கையில வெச்சுட்டு என்னையப் பாத்துட்டு நிக்குது. "நெம்பக் கொறஞ்சிருச்சுங்க சார்"னு சொன்னேன். அந்தப் புள்ளை மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாரு. அந்தச் சிரிப்புக்காக இன்னும் என்ன வேணாலும் சொல்லியிருப்பேன்.

வாய்ல சொன்னாப் பத்துமா, கவரு இருக்குதே? அதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சேன். எங்கம்மா காலத்துல கொட்டற முடிய வீசமாட்டாங்க, சுருட்டிச் சுருட்டிச் சேத்து வெச்சு சவுரி பின்னக் குடுப்பாங்க. நானும் ஒரு பிஸ்கட் டப்பாவ எடுத்தேன். கொட்டறதுல முக்காவாசி டப்பாவுக்கு, மிச்சம் கவருக்கு. வாரா வாரம் கவருக்குப் போறதெக் கொறைச்சுக்கிட்டே வந்தேன். வெள்ளிக்கெழமை கெளம்பறதுக்கு முன்னால ஊட்டுலயே நல்லா வறட்டு வறட்டுன்னு சீவி, விழுகறதெல்லாம் விழுந்தப்பறம்தான் போவேன். அங்க போயித் துண்டுல நாலு முடி விழுந்தா எச்சு. எப்பிடி என்ற மூளை?

இதெப் பெருமையா லோகாம்பாள் கிட்டச் சொன்னேன். அவ மொகம் சுண்டிப் போச்சு. "ஏன் சௌந்திரம், உன்ற பேச்சை நம்பி ஊர்ல எத்தனை பொம்பளைங்க இதெ வாங்கித் தலையில தேய்ப்பாங்க?"ன்னு கேட்டா. அவ பேர அடிச்சுப் போட்டாங்கங்கற பொறாமை. வேற என்ன இருக்க முடியும்? "உன்னைய வேண்டாம்னுட்டாங்க, என்னைய வரச் சொல்றாங்க, அதுதான உனக்கு?"ன்னு கேட்டுப் போட்டேன். எந்திரிச்சுப் போனவதான். இன்னைக்கு வரைக்கும் என்ற வாசப்படி மிதிக்கலெ. எதுத்தாப்புலதான் குடியிருக்கறா, கோலம் போடறப்பப் பாத்தாக்கூடக் குனிஞ்சுக்குவா. போனாப் போறா. எனக்கு வெள்ளிக்கெழமை இருந்துச்சு.

போகப் போக சிந்துஜாவுக்கு என்ற மேல பிரியம் எச்சாயிருச்சு. எப்பிடித் தெரியும்ங்கறயா? மொதல்ல அந்த நெருக்கப்பல்லுச் சீப்புன்னு சொன்னேன்ல, கடைசி மாசத்துல அதெ மாத்திப்போட்டு, பல்லு பெருசாப் பெருசா இருக்கற சீப்பு எடுத்துட்டு வந்துச்சு. எனக்கு வலிக்கக்கூடாதுன்னுதான். மொத நாளு கண்ணுல தண்ணி வந்ததெ மனசுல வெச்சுருந்துருக்குது பாரு! அழுத்தி இழுக்கக் கூட இல்லெ, மேலாப்புல பூவாட்டத் தடவி வுட்டுச்சு. பெத்த புள்ளை பண்ணுமா அப்பிடி?

கடைசி நாளு இருக்குதே, அதெ நானு சாகற வரைக்கும் மறக்கமாட்டேன். அன்னைக்கு எண்ணெய் கூடாது, தலைக்கு ஊத்தி நல்லா ஒலத்திட்டு வரோணும்னு சொல்லிட்டாங்க. போனா, சிந்துஜா காத்தடிக்கற மிஷினெ வெச்சு முடியப் புஸ்ஸுனு ஆக்கி வுட்டுச்சு. வகிட்டெ எடம் மாத்தி எடுத்துச்சு. சின்ன டப்பாவுல கருப்பா ஒரு மாவு, அதெப் பிரஷ்ல தொட்டு வகிட்டுல பூசி வுட்டுச்சு. எதுக்கு கண்ணுன்னு கேட்டேன். "படத்துல அழகா இருக்கும்மா"ன்னுச்சு. என்ற கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு அப்பிடிச் சோடிச்சு வுட்டவங்க கெடையாது. அப்பறம் ஜன்னலோரத்துல ஒக்காரவெச்சு, "சிரிங்கம்மா"ன்னு சொல்லிப் படம் புடிச்சாங்க. டாக்டர் வந்து பாத்துட்டு, "இந்தம்மாவுக்குத்தான்யா பெஸ்ட் ரிசல்ட்டு"ன்னாரு. சிந்துஜா என்ற கையப் புடிச்சுக் குலுக்கி, "தேங்க்ஸ்மா, அடிக்கடி பேசுங்க"ன்னு நம்பர் குடுத்துச்சு.

பேசுனேன். அடிக்கடி பேசச் சொன்னாங்கல்லன்னு அடிக்கடி பேசுனேன். மொதல்ல எடுத்துச்சு. அப்பறம் "மீட்டிங்ல இருக்கேம்மா"ன்னுச்சு. அப்பறம் எடுக்கவே இல்லெ. போன் கெட்டுப் போயிருக்கும். அடுத்த வெள்ளிக்கெழமை சும்மா அந்தப் பக்கமாப் போயி மாடியேறிப் பாத்தேன். துணியெக் கழட்டிட்டாங்க, சேரும் இல்லெ. பேக்கரிக்காரன் மைதா மூட்டை அடுக்கி வெச்சிருக்கறான். நானு குனிஞ்ச எடத்துல நின்னு சித்தெ நேரம் பாத்துட்டு வந்தேன்.

அப்பறம் கொஞ்ச நாள்ல மருந்துக் கடையில இந்தப் பெட்டி வந்துச்சு. ஓடோடிப் போயி என்ற மூஞ்சியத் தேடறேன், எவளோ ஒருத்தி. இதுல என்ன போட்டிருக்குது படி. "நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பெண்களுக்கு முடி உதிர்வு குறைந்தது. மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது." கடைசியில மிச்சம் இருந்தவங்க அத்தனை பேரும் கொறைஞ்சுதுன்னுதான் சொன்னோம். அந்த நாலு பேரு யாருன்னுதான் எனக்குத் தெரியலெ.

என்ன கண்ணு, தலையக் குனிஞ்சுட்டே? இந்த எழுத்தெப் பாத்துத்தான் வாங்குனியா? அட. எத்தனை பெட்டி தேய்ச்சே? ம். கொறையலெயா?

துப்பட்டாவெ எதுக்கு இழுத்து இழுத்துப் போத்திக்கறேன்னு அப்பவே நெனச்சேன். சரி சரி, அழுகாதே. பஸ்ஸுல நாலு பேரு பாக்கறாங்க. என்ன விசயம், சொல்லு. கல்யாணம் நிச்சயமாயிருக்குதா? எப்ப, தையிலயா? நல்ல விசயம்தான. இன்னைக்குப் பட்டெடுக்க ஈரோட்டுக்கு வரச் சொல்லியிருக்கறாங்களாக்கும். மாமியாக்காரி வாராளா? "சடை போட்டுட்டு வரச் சொல்லு, பூ வெச்சுப் பாக்கோணும்"னு சொல்லி வுட்டாளா? அடக் கடவுளே. பொண்ணு பாக்க வந்தப்ப எப்பிடி? ஓ, அப்ப முடி இருந்துச்சு. டைபாய்டு வந்து கொட்டிருச்சா. அவிங்களுக்குத் தெரியாதா.

நானு ஒண்ணு சொல்றேன் கேளு. கேட்டாங்கன்னா, தைலம் தேய்க்கறேன், இப்ப நெம்பக் கொறைஞ்சிருச்சுன்னு சொல்லு. அப்பிடிச் சொன்னா ஒருத்தரும் அனுப்ப மாட்டாங்க. என்னைய அனுப்புனாங்களா? கொட்டுதுன்னு வாயத் தொறந்தீன்னா அவ்வளவுதான், உன்னையும் உஷ்ண ஒடம்பாக்கிப் போடுவாங்க.

இனிமே தேய்க்கறதா வேண்டாமான்னு என்னையக் கேட்டா? எனக்கென்ன தெரியும் கண்ணு. தேய்ச்சு வுடறதுக்கு ஓராளு இருந்தாத் தேய்ச்சுக்க. ஆளு இல்லீன்னா எந்தத் தைலமும் ஒண்ணுதான்.

எனக்கா? என்ற கொண்டையப் பாத்துக் கேக்கறயா? இது சவுரி. ரகசியம், யாருக்கும் தெரியாது. டப்பாவுல சேத்து வெச்சிருந்தேன்ல, அதெப் பாரியூர்த் தேருக்கு வந்த சவுரிக்காரங்க கிட்டக் குடுத்துப் பின்னி வாங்குனது. அத்தனையும் என்ற முடியே. அந்தத் தைலம் தேய்ச்ச மாசத்துல கொட்டுனதுதான் பாதிக்கு மேல. இன்னைக்குச் சித்தோட்டுக்குப் போறேன்னுதான் கருப்பு மை போட்டுத் தலையில வெச்சுட்டு வந்தேன்.

சித்தோட்டுல என்னவா? அதே கம்பெனிதான், இப்ப மூட்டுவலித் தைலம் கண்டுபுடிச்சிருக்கறாங்க. மண்டபத்துல ஆராய்ச்சி, ஆளு எடுக்கறாங்க. முட்டியில தைலம் வெச்சு நீவி வுடுவாங்களாம், வாரா வாரம். சிந்துஜாவும் வந்தாலும் வரும். எனக்கு முட்டியில ஒரு வலியும் கெடையாது, வேகு வேகுன்னு நடப்பேன். அதுக்கென்ன, எறங்கறப்ப இருந்தே கொஞ்சம் நொண்டிக்கிட்டாப் போகுது.

சரி, திரும்பு. ஜன்னலப் பாத்துத் திரும்பி ஒக்காரு. துப்பட்டாவெ எடு. எடு கண்ணு, யாரும் பாக்கலெ, நானு மறைச்சுக்கறேன். சீப்பு எங்கிட்ட இருக்குது. என்ற சவுரிய வெச்சு உனக்குச் சடை பின்னி வுடறேன். எனக்கு முக்காடு போட்டுக்கிட்டாத் தீந்துச்சு, என்னைய யாரு பாக்கப் போறாங்க? ஒண்ணே ஒண்ணு, தாலி போனவ முடின்னு மாமியாக்காரி கிட்டச் சொல்லிப் போடாதே. கல்யாணப் பொண்ணு தலையில வெக்கக்கூடாதும்பாங்க. நீயும் மனசுல வெச்சுக்காதே. முடிக்கு என்ன தெரியும்.

குனிஞ்சுக்க. நெத்திய நானு தாங்கிக்கறேன். வலிச்சாச் சொல்லு, பெரிய பல்லுச் சீப்புத்தான். இப்பிடி...

அட சாமி.

இல்லெ, ஒண்ணுமில்லெ. பஸ்சு குலுக்குச்சு. கொட்டலெ கண்ணு, ஒண்ணுகூட வரலெ. நல்லாத்தான் இருக்குது உன்ற முடி, நீயாத்தான் பயந்துக்கறே. தலைய ஆட்டாதே. இன்னும் கொஞ்சம்தான். எத்தனை மெத்துனு இருக்குது பொடனி. உங்கம்மா சீவி வுடறதில்லையா? இல்லையா... எப்பப் போனாங்க? ம். சரி, பேசாதே, பின்னறேன்.

ஏனுங்க கண்டக்டர்? ஆமாங்க, சித்தோட்டுக்குத்தான் டிக்கெட் வாங்குனேன். வந்துருச்சுங்களா? நானு எறங்கலீங்க. சடை பாதியில நிக்குதுங்க. ஈரோட்டுக்கு இன்னொண்ணு கிழிச்சுக் குடுங்க. பாவம் அந்தாளுக்கு என்னமோ அவசரம். நீ எதுக்குக் கண்ணு மன்னிப்பெல்லாம் கேக்கறே? மூட்டுவலி எங்க போகுது. அடுத்த வாரமும் இருக்கும்.

திரும்பாதே. திரும்பாதேன்னு சொல்றேன்ல. கையில என்னவா?

இது என்ற முடி கண்ணு. சவுரியில இருந்து உருவிட்டு வந்துருச்சு. நீ முன்னால பாரு.